எத்தனை விண்ணப்பங்கள் போதும்?

தென்காசியில் ஆடி மாதத்துச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில், நம் அன்பர் ஒருவரின் இல்லத்தில் எழுந்த வினா ஒன்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். வினா மிகச் சிறியது. “மருத்துவக் கல்லூரிகள் எத்தனைக்கு விண்ணப்பிக்கலாம்?” என்பதே அது. விடை ஓர் எண்ணாக இருக்கும் என்றே நாமும் முதலில் கருதினோம். எண்ணிப் பார்க்குந்தோறும் அஃது எண்ணைப் பற்றிய வினாவன்று, மனத்தைப் பற்றிய வினா என்பது புலனாயிற்று.

அன்பர் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரினர். வங்கிப் பணியின் பொருட்டுத் தென்காசிக்கு மாற்றலாகி வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, நீட் தேர்வும் எழுதியிருந்தாள். மதிப்பெண் குறைவு என்று சொல்வதற்கில்லை. போதும் என்று சொல்வதற்கும் இல்லை. கிடைத்தாலும் கிடைக்கும், தவறினாலும் தவறும் என்னும் நிலை. மிக நன்றாக எழுதிய பிள்ளைகளின் வீட்டிலும் உறக்கம் உண்டு. எழுதாத பிள்ளைகளின் வீட்டிலும் சில நாளில் உறக்கம் வந்துவிடும். இந்த இடைநிலையில் உள்ள வீடுகளில்தான் விளக்கு அணைவதில்லை.

அன்று பொழுது சாயுமுன் உணவு முடிந்தது. பின்னர் அன்பர் ஒரு நீண்ட தாளை எடுத்து விரித்தார். எழுபத்திரண்டு கல்லூரிகளின் பெயர்கள் அதில் இருந்தன. முதலில் திருநெல்வேலி, மதுரை, தூத்துக்குடி, கன்னியாகுமரி, விருதுநகர் ஆகிய அரசுக் கல்லூரிகள். பின்னர்ச் சென்னையும் வட மாவட்டங்களும். அதன் பின்னர்ப் பிற மாநிலங்கள். இறுதியில் ஆண்டுக் கட்டணம் இருபது இலட்ச ரூபாயைத் தாண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்.

“இன்னும் ஏதேனும் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், ஐயா” என்றார் அன்பர்.

“கடைசியில் உள்ள பத்தில் ஒன்று கிடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. “ஊரிலுள்ள நிலத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான்” என்றார்.

அதுவரை ஓரமாக அமர்ந்து சாரலைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அன்னையார் திரும்பினார். “ஏம்பா, அந்த நிலத்தில் உன் தம்பிக்கும் பங்கிருக்கிறதே” என்றார். பிறகு, “கொடுப்பதா வேண்டாமா என்பதை எழுதுவதற்கு முன்னால் முடிவு செய். கிடைத்த பிறகு மனசு நிற்காது” என்றும் சொன்னார். நாள்தோறும் இன்ன இன்ன பொருள்களை மட்டுமே உண்பது என்று காலையிலேயே வரையறுத்துக்கொள்ளும் நோன்பினர் அவர். இலை முன்னே வந்தபின் வரையறை செய்வது எவ்வளவு கடினம் என்பதை அறிந்த அனுபவம் அச்சொற்களில் இருந்தது.

இவ்வினாவின் வரலாற்றையும் ஒருசிறிது நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984-இல் தொடங்கிற்று. அக்காலத்தில் மாநில அரசுக் கல்லூரிகளுக்கு ஒரு விண்ணப்பம். தனியார் கல்லூரிகளுக்குத் தனித்தனி விண்ணப்பங்கள். புதுச்சேரி ஜிப்மர், தில்லி எய்ம்ஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவற்றுக்குத் தனித்தனித் தேர்வுகள். ஒவ்வொரு படிவத்தையும் வங்கி வரைவோலை எடுத்து வாங்க வேண்டும். ஆகலின் குடும்பத்தின் கைப்பொருளே எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிற்று. 2007-08 கல்வியாண்டு முதல் மாநில நுழைவுத் தேர்வு நீங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் மாநில இடங்களுக்கும் நீட் வந்தது. எய்ம்ஸ், ஜிப்மர் ஆகியவற்றின் தனித் தேர்வுகளும் 2020 முதல் அதனுள் அடங்கின. முன்னர்த் தேர்வுகள் பல, பட்டியல் சிறிது. இன்று தேர்வு ஒன்று, பட்டியலுக்கோ முடிவில்லை.

இடமோ அரிது. 2024-இல் நாடு முழுவதிலும் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் எழுதினர், எம்.பி.பி.எஸ். இடங்கள் ஓர் இலட்சத்தைச் சற்றே கடந்தவை. தென்காசி 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமாக மலர்ந்தபோது, அதன் எல்லைக்குள் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. 1965-இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியே அண்மையில் உள்ளது. ஆகவே இவ்வூர்ப் பிள்ளைகள் எப்படியும் வீட்டைவிட்டு வெளியே சென்றே ஆக வேண்டும். எவ்வளவு தொலைவு என்பதொன்றே வேறுபாடு.

இனி, இன்றைய முறை செயல்படும் விதத்தைக் காண்போம். மாநில இடங்களுக்குச் சென்னையிலுள்ள தேர்வுக் குழுவிடம் விண்ணப்பிக்கின்றோம். அரசுக் கல்லூரிகளின் அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டுக்கும், எய்ம்ஸ், ஜிப்மர் ஆகியவற்றுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் மைய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவில் பதிவு செய்கின்றோம். பின்னர் விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தருகின்றோம். தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலும் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகின்றது. காலியாக உள்ள முதற்கல்லூரி ஒதுக்கப்படுகின்றது. ஆகவே பட்டியலின் அடியில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதால் மேலே உள்ள கல்லூரி கிடைக்கும் வாய்ப்பு எள்ளளவும் குறைவதில்லை. இதனைப் பலர் அறிவதில்லை. “நிறைய எழுதினால் கீழே உள்ளதைத் தந்துவிடுவார்கள்” என்று அஞ்சி, நான்கைந்து பெயர்களோடு நிறுத்திக்கொள்வோரும் உளர்.

வேறு சிலர் பெருமிதத்தால் நிறுத்திக்கொள்கின்றனர். தொலைவிலுள்ள மாவட்டத்தில் அண்மையில் தொடங்கிய கல்லூரியின் பெயரை எழுதுவதே தம் தகுதிக்குக் குறைவு என்பது அவர்தம் எண்ணம். அதே கல்லூரியில் அவரினும் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளை மகிழ்வோடு சேர்ந்து, ஐந்தரை ஆண்டில் மருத்துவராக வெளிவருகின்றது. எழுதாதவர் அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு மீண்டும் பயிற்சி நிலையம் செல்கின்றார். இங்கே சிறிய பட்டியல் அடக்கத்தின் அடையாளமன்று; மானம் என்னும் கஷாயத்தின் அடையாளம். ஆகவே, குறைவாக எழுதுவதே அறம் என்று கூறிவிடல் இயலாது.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா? இவ்விடத்தில் நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாமல் மேற்செல்ல நம் மனம் ஒப்பவில்லை.

1990-களின் நடுவில் நம் மூத்த மகனுக்காகப் பதினொரு விண்ணப்பங்கள் வாங்கினோம். அண்டை மாநிலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் முதலில் இடம் கிடைத்தது. முன்பணம் கட்டினோம். அங்கே நேர்காணலுக்குச் சென்றிருந்தபோது தாழ்வாரத்தில் ஒரு தந்தையும் மகனும் அமர்ந்திருந்தனர். சிறு நிலம் வைத்துப் பயிர் செய்பவர் அவர். காத்திருப்போர் பட்டியலில் அவர் மகன் பெயரே முதலாவது. கட்டுச்சோற்றைப் பகிர்ந்து உண்டோம், முகவரிகளையும் மாற்றிக்கொண்டோம். சில வாரங்களில் நம் மகனுக்குத் தமிழ்நாட்டிலேயே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அன்றே மற்ற இடத்தை விட்டுவிடுவதாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. விடுதி ஒத்துக்கொள்ளுமோ, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதேனும் வருமோ, எதற்கும் அது கையில் இருக்கட்டும் என்று காலம் கடத்தினோம்.

அந்தத் தந்தையிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. தங்கள் மகன் எங்கே சேர்ந்திருக்கிறான் என்று அன்போடு கேட்டிருந்தார். இடத்தை விட்டுவிடுங்கள் என்று ஒரு சொல் கூட அதில் இல்லை. அஞ்சலட்டையை நாள்காட்டியின் பின்னே செருகி வைத்தோம். நாற்பது நாள் கழித்து நாம் எழுதியபோது சேர்க்கைக்கான கடைசி நாள் கடந்துவிட்டிருந்தது. அவருடைய மகன் ஊருக்கு அருகே ஒரு கல்லூரியில் வேறு பட்டப் படிப்பில் சேர்ந்துவிட்டதாகவும், நம் மகன் நன்றாகப் படிக்க வேண்டும் என்றும் அவர் மறுமொழி எழுதினார். நாம் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. எவரையும் ஏமாற்றவும் இல்லை. ஆயினும் கள்ளாமை என்னும் விரதத்தைப் படிக்கும்போதெல்லாம் நாள்காட்டியின் பின்னேயிருந்த அந்த அட்டை நினைவுக்கு வருகின்றது. கொடுக்கப்படாததை எடுப்பது மட்டுமன்று, நமக்கு வேண்டாததை விடாமல் வைத்திருப்பதும் பிறர் பொருளைக் கொள்வதேயாம்.

மறுநாட் காலை அன்பரின் குடும்பத்தாரோடு குற்றாலம் சென்றோம். தென்காசியிலிருந்து அரைமணி நேரம் கூட ஆகாது. ஐந்தருவியில் ஒரே நீர் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகின்றது. கூட்டம் மிகுந்த நாள். காவலர் சீழ்க்கை ஒலித்து, குளித்தவர்களை நகரச் செய்து, நிற்பவர்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். நகர்ந்தவர் எவருக்கும் நீர் குறையவில்லை. நின்றவர் எவரும் ஏமாறவில்லை. ஒருவர் ஒரு கிளையில் குளித்துக்கொண்டே மற்றக் கிளைகளிலும் துண்டு விரித்து இடம் பிடித்து வைத்தால் என்னவாகும்? நீர் வீணே பாறையில் விழும். வெளியே குழந்தைகள் குளிரில் நின்றுகொண்டிருக்கும். பேருந்து நிலையத்தில் சன்னல் வழியே துண்டு போடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. ஓர் இருக்கைக்கு ஒரு துண்டு போடுபவரை உலகம் பொறுக்கும். மூன்று பேருந்துகளில் மூன்று துண்டுகள் போட்டுவிட்டு நான்காவதில் ஏறிச் செல்பவரை எவ்வாறு பொறுப்பது?

இன்றைய கலந்தாய்வு விதிகளும் இதனையே தடுக்க முயல்கின்றன. முதற்சுற்றில் கிடைத்த இடத்தை விட்டு விலக வழியுண்டு. சுற்றுகள் ஏற ஏற விலகல் கடினமாகின்றது. வைப்புத்தொகை பறிபோகும், அகில இந்தியக் கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் கிடைத்ததில் சேராதவர் அடுத்த நீட் தேர்வை எழுத முடியாமலும் போகலாம். விதிகள் ஆண்டுதோறும் சிறிது மாறுவன. அவ்வவ்வாண்டின் தகவல் குறிப்பேட்டை முழுமையாகப் படித்தல் பெற்றோர் கடன். விதி இத்துணைக் கடுமையாக வந்தது ஏன் என்று எண்ணிப் பார்த்தால், நம்மைப் போன்று அஞ்சலட்டையைச் செருகி வைத்தவர்கள் பலர் இருந்தமையால்தான் என்பது தெளிவாகும். தாமே தமக்கு வரம்பு கட்டாதவர்க்குப் பிறர் வரம்பு கட்ட நேர்கின்றது.

நம் அறம் இல்லறத்தார்க்குக் கூறும் அணுவிரதங்களுள் ஐந்தாவது, பொருளுக்கு வரையறை செய்துகொள்ளுதல். இல்லறத்தானை எல்லாவற்றையும் துறக்கச் சொல்லவில்லை. இவ்வளவு போதும் என்று முன்னரே வரைந்துகொள்ளச் சொல்கின்றது. குணவிரதங்களுள் ஒன்றாகிய திசைவிரதமோ, இன்ன மலை, இன்ன ஆறு வரையில் செல்வேன் என்று எல்லை குறிக்கச் சொல்கின்றது. அருங்கலச்செப்பு பயின்றோர் இவற்றை நன்கறிவர். பாட்டியார் கூறிய “எழுதுவதற்கு முன்னால்” என்னும் சொல்லின் ஆழம் இங்கே விளங்குகின்றது. வரையறை என்பது ஆசை எழுந்தபின் நிகழும் போராட்டமன்று. ஆசை எழுமுன் போடும் கரை.

மற்றொன்றும் கருதத்தக்கது. பற்று என்றவுடன் நாம் நிலத்தையும் பொன்னையும் நினைக்கின்றோம். நம் ஆகமங்கள் அகப்பற்றுகள் என்று பதினான்கினை எண்ணுகின்றன. அவற்றுள் அச்சமும் ஒன்று. அச்சத்தையும் ஓர் உடைமையாக எண்ணியது எத்துணை நுட்பம்! எழுபத்திரண்டு பெயர்களை அன்பரின் கையால் எழுதியது மகளின் விருப்பமன்று, தந்தையின் அச்சம். அன்று நாற்பது நாள் நம் கையைக் கட்டி வைத்ததும் அதுவே.

எண்ணிக்கை மிகுதியெல்லாம் பேராசை என்றும் கொள்ளற்க. எலிசபெத் பிளாக்வெல் என்னும் அம்மையார் அமெரிக்காவில் மருத்துவம் பயில விரும்பியபோது, பெண் என்னும் ஒரே காரணத்தால் கல்லூரி பலவும் மறுத்தன. மறுக்க மறுக்க எழுதிக்கொண்டே இருந்தார். 1847-இல் ஜெனீவா மருத்துவக் கல்லூரி ஒன்றே இடம் தந்தது. 1849-இல் அந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்மணியானார். அவர் தட்டிய கதவுகள் பல. ஆனால் எது திறந்திருந்தாலும் அதனுள் அவர் நுழைந்திருப்பார். இதுவன்றோ வேறுபாடு! நுழையும் எண்ணமில்லாத கதவைத் தட்டுவதுதான் குற்றம்.

இன்றைய உலகில் இருவேறு முறைகளைக் காண்கின்றோம். இங்கிலாந்தில் ஒருவர் ஓராண்டில் நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு மேல் விண்ணப்பிக்க இயலாது. அமெரிக்காவில் எண்ணுக்கு வரம்பில்லை; சராசரியாக ஒருவர் பதினைந்துக்கும் மேற்பட்டவற்றுக்கு எழுதுகின்றார், ஒவ்வொன்றுக்கும் பணமும் கட்டுகின்றார். முதலாவது நாட்டில் பிள்ளைகள் நான்கைத் தேர்வதற்கு நெடுநாள் சிந்திக்கின்றனர். இரண்டாவதில் பணமுள்ளவர் வாய்ப்பு பெருகுகின்றது. நமக்கோ சட்டத்தின் வரம்பு இல்லை, பட்டியலில் பெயர் சேர்க்கப் பெரிதாகச் செலவும் இல்லை. ஆகவே வரம்பு நம் உள்ளத்திலிருந்தே வர வேண்டும்.

அன்று பிற்பகல் தென்காசி திரும்பியதும், நாமும் அன்பரும் மகளும் மீண்டும் அந்தத் தாளோடு அமர்ந்தோம். ஒவ்வொரு பெயரின் எதிரிலும் மூன்று வினாக்களைக் கேட்பது என்று முடிவாயிற்று. இது ஒன்றே கிடைத்தால் மனங்கோணாமல் சென்று சேர்வாயா? இதன் கட்டணத்தைப் பிறர் பங்கை எடுக்காமலும், பின்னாளில் நோயாளியிடம் ஈடுகட்ட வேண்டிய கடனை ஏற்காமலும் செலுத்த முடியுமா? இதனினும் மேலானது கிடைத்தால், இதனை அன்றே விட்டுவிடுவோமா? மூன்றுக்கும் ஆம் என்றால் பெயர் நிற்கும். ஒன்றுக்கு இல்லையென்றாலும் நீங்கும்.

முதல் வினாவுக்கு மகளே விடை சொன்னாள். தந்தை எழுதாமல் விட்ட சில புதிய அரசுக் கல்லூரிகளை அவள் சேர்த்தாள். பெரிய பெயர் பெற்றிருந்தும் தான் செல்ல விரும்பாத சிலவற்றை அடித்தாள். இரண்டாம் வினாவில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் நீங்கின. அன்பர் அவற்றை அடிக்கும்போது அவர் கை சற்று நடுங்கியதைக் கண்டோம். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சென்று மகனுக்குக் குடிக்கச் சுக்கு நீர் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் மகள், “பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கும் எழுதுகிறேன், அப்பா. அது கிடைத்தாலும் மனதாரப் போவேன்” என்றாள். 1964-இல் தொடங்கிய அக்கல்லூரிக்கு விண்ணப்பம் தனி; தேர்வு அதே நீட். தந்தையின் தாளில் அப்பெயர் இருந்ததேயில்லை. இறுதியில் நாற்பத்து நான்கு பெயர்கள் நின்றன. நாற்பத்து நான்கு என்பது சிறிய எண்ணன்று. ஆனால் அவற்றுள் ஒரு பெயர் கூடத் துண்டு போட்டு வைத்த இடமன்று.

நம் முன்னோர் மருந்தையும் அறத்தையும் அருகருகே வைத்தவர்கள். கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். அப்பெயருடைய மருந்தில் ஏலம் ஒரு பங்கு என்றால் இலவங்கப்பட்டை இரண்டு பங்கு. அவ்வாறே ஒவ்வொன்றாக ஏறிச் சுக்கு ஆறு பங்கு. காரியாசான் ஐந்து சிறு வேர்களால் ஆகிய மருந்தின் பெயரைத் தம் சிறுபஞ்சமூலத்துக்கு இட்டார். பொருள்கள் எவையாயினும் அளவே அவற்றை மருந்தாக்குகின்றது. அளவு பிறழ்ந்தால் அவை வெறும் கடைச்சரக்கே. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தும் ஒன்று. அத்தானத்துக்குரிய கையைப் பெற விரும்பும் பிள்ளை, அந்தக் கல்விக்குள் நுழையும் முதற்படியிலேயே அளவறிந்து நிற்குமாயின், அதுவே அதன் முதல் மருத்துவப் பாடமாகும்.

அம்மகளுக்கு என்ன கிடைத்தது என்று வாசகர்கள் வினவக்கூடும். அதனை இங்கே கூற நாம் விரும்பவில்லை. நல்ல இடம் கிடைத்தது என்றால், வரையறை செய்தால் பலன் உண்டு என்று கணக்கிடுவோம். கிடைக்கவில்லை என்றால், இன்னும் பத்து எழுதியிருக்கலாமே என்போம். இரண்டும் பிழை. கிடைப்பது மதிப்பெண்ணையும், பிறர் விருப்பங்களையும், வினையையும் பொறுத்தது. எழுதுவது ஒன்றே நம்மைப் பொறுத்தது. அன்றிரவு அவ்வீட்டில் விளக்கு நேரத்தோடு அணைந்தது என்பதை மட்டும் கூறுவோம்.

வரும் ஆண்டில் இத்தகைய தாளோடு அமரப்போகும் இல்லங்கள் நம்முள் பல உண்டு. தேர்வு முடிவு வருமுன்னரே, அச்சம் வந்து எழுதுகோலைப் பற்றுமுன்னரே, பிள்ளைகளோடு கூடியிருந்து நம் எல்லையைக் குறித்துக்கொள்வோம். பட்டியல் நீளமாக இருக்கலாம், குறுகியதாகவும் இருக்கலாம்; அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் மெய்யாக இருக்கட்டும். நமக்கு வேண்டாத இடம் கையில் இருக்குமாயின், அஞ்சலட்டை வரும் வரையில் காத்திராமல் அன்றே விட்டுவிடுவோம். தாழ்வாரத்தில் ஒரு தந்தையும் பிள்ளையும் காத்திருக்கின்றனர் என்பதை மறவாதிருப்போமாக.